எச்சில் தட்டு சொல்லும் கணக்கு

உணவகம் ஆரம்பித்து நான்காவது வருடம். ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடையைத் திறந்து உள்ளே போகிறேன், பெரிய ஃப்ரிட்ஜின் முனகல் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் முகத்தில் குளிர் அடிக்கவில்லை. உள்ளே தொங்கிய தெர்மாமீட்டர் 19 டிகிரி காட்டியது. முந்தின நாள் வாங்கிய இறைச்சி, மீன், பால், வெட்டி வைத்த காய் எல்லாம் அதே சூட்டில் உட்கார்ந்திருந்தன.

கெடக்கூடிய உணவை 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாதபோது, முகர்ந்து பார்த்து "இது தேறும், அது தேறாது" என்று பிரிப்பது வாடிக்கையாளர் வயிற்றை வைத்து ஆடும் சூதாட்டம். மொத்தத்தையும் கொட்டினோம்.

மெக்கானிக் வந்துபோன பிறகு, முந்தின இரவு கடையடைத்த பையனைக் கூப்பிட்டேன்.

"ராத்திரி பத்து மணிக்கே சத்தம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சுண்ணே."

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா?"

தலையைக் குனிந்துகொண்டான். பாத்திரம் கழுவும் அக்கா அவனுக்காகப் பதில் சொன்னார்: "சொன்னா இவன்தான் ரிப்பேர் ஆக்கிட்டான்னு சம்பளத்துல பிடிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டான் தம்பி."

அந்தப் பயத்தை உண்டாக்கியது நான். தட்டு, கோப்பை எது உடைந்தாலும் அதன் விலையில் பாதியை உடைத்தவர் சம்பளத்தில் கழிப்பது எங்கள் விதி. ஆரம்பித்த வருடமே கொண்டுவந்தேன். பொறுப்பு வரும் என்று நினைத்தேன், கொஞ்சம் பெருமையும்கூட. நான்கு வருடத்தில் அவர்களுக்கு அந்த விதி கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான்: எது கெட்டாலும் முதலாளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

விதியை அன்றே எடுத்தேன். அடுத்த மாதம் உடைந்த சாமான் கணக்கு இரண்டு மடங்காக ஏறியது. பழைய விதியைத் திரும்பக் கொண்டுவரக் கை துறுதுறுத்தது. அக்காதான் விளக்கினார். முன்பும் அவ்வளவு உடைந்ததாம். செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைப் பையின் அடியில் செருகிவிடுவார்களாம். ஒரு தடவை குப்பை எடுக்க வந்தவர் கையைக் கண்ணாடி கிழித்ததும் அதனால்தான். அன்று யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

பிறகு கழுவுமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தோம். உடைந்தது எதுவானாலும் அதில் போடு, பெயர் வேண்டாம். மூன்று வாரம் கழித்து வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே மாதிரியான சின்னக் கிண்ணங்கள். அவற்றை அடுக்கும் அலமாரித் தட்டு அக்காவின் தோளுக்கு மேலே இருந்தது. ஈரக் கையை உயர்த்தி எட்டி வைக்கும்போது நழுவுகிறது. அந்தத் தட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம், வேலை முடிந்தது. நான்கு வருடம் சம்பளத்தில் பிடித்த தண்டனைக்கு உண்மையில் உரியவர், அந்தத் தட்டை அவ்வளவு உயரத்தில் அடிக்கச் சொன்னவர். அதாவது நான்.

பணியிடப் பண்பாடு என்று பெரிய வார்த்தையில் பேசுகிறார்கள். சமையலறையில் அதை அளக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கெட்ட சேதி உங்களிடம் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது? எங்களுக்கு அன்று எட்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதைச் சொன்னால் சிலர், "அப்போ எல்லாத்தையும் விட்டுடச் சொல்றீங்களா?" என்பார்கள். இல்லை. கை கழுவாமல் மாவில் கை வைத்தால், தேதி எழுதாமல் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்றும் விடமாட்டேன். அதில் மாஸ்டருக்கும் புதுப் பையனுக்கும் ஒரே சட்டம்தான். தவறை மறைப்பதற்குக் கோபப்படுவேன், தவறியதற்கு அல்ல. இந்த வித்தியாசம் அவர்களுக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. எனக்கும்தான்.

நான் அதிகம் தடுமாறியது மாஸ்டர் விஷயத்தில். கைமணம் உள்ள மனிதர். அவர் கை பட்டால் வெறும் சூப்புக்குக்கூட ருசி வந்துவிடும். ஆனால் நெரிசல் நேரத்தில் கரண்டி பறக்கும். கெட்ட வார்த்தை மேசை வரை கேட்கும். "அவர் குணம் அப்படி, மனசு தங்கம்" என்று இரண்டு வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்த மூன்று பையன்கள் விலகினார்கள். மூன்று பேருமே வீட்டில் உடம்பு சரியில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள். மூன்றாவது வீட்டிலும் உடம்பு சரியில்லை என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்று உலகம் முழுக்கப் பெரிய சமையலறைகளில் ஆளாளுக்கு ஒரு பிரிவு, அதற்கொரு தலைவர் என்று வேலை நடக்கிறதே, அந்த அமைப்பை வகுத்தவர் என்று பிரெஞ்சு சமையல் கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியேவைச் சொல்வார்கள். 1870இல் மூண்ட பிரான்ஸ்-பிரஷ்யப் போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர். 1890இல் லண்டன் சவாய் ஹோட்டலின் சமையலறைக்குத் தலைமை ஏற்றபோது அந்த ராணுவ ஒழுங்கை உள்ளே கொண்டுவந்தார். கூடவே, கத்துவதையும் வேலை நேரத்தில் குடிப்பதையும் தடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் பதவி வரிசையை எடுத்துக்கொண்டார்கள், அமைதியை விட்டுவிட்டார்கள். (அவரும் புனிதர் இல்லை. கணக்கு வழக்குத் தகராறில் 1898இல் சவாயை விட்டு அனுப்பப்பட்டார். அடுப்படி ஒழுங்கும் கல்லாப்பெட்டி ஒழுங்கும் வேறு வேறு போலிருக்கிறது.)

கடைசியில் மாஸ்டரை அனுப்பினேன். அனுப்பிய மாதம் வியாபாரம் இறங்கியது, அதை மறைப்பானேன். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் ருசி மாறிவிட்டது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது: அவர் செய்முறை எதையும் எழுதி வைக்கவிடாமல் வைத்திருந்தார். கடையின் ருசி ஒரே ஆளின் கையில் இருக்க விட்டதும் என் தவறுதான். அடுத்த நான்கு மாதம் தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதார்த்தமாக அளந்து எழுதினோம்.

டிப்ஸ் விஷயம் இன்றுவரை எனக்கு முழுசாகத் தீரவில்லை. மேசைக்குப் போகிறவருக்குக் கிடைக்கிறது, அடுப்பில் வேகிறவருக்குக் கிடைப்பதில்லை. நியூயார்க்கில் பல உணவகங்களை நடத்தும் டேனி மேயர் 2015இல் டிப்ஸையே ஒழித்து, அதை விலையோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார். நோக்கம் நல்லதுதான். 2020இல் பழைய முறைக்கே திரும்பிவிட்டார். அவராலேயே முடியாதது என்று நான் பெரிய மாற்றத்துக்கெல்லாம் போகவில்லை. ஒரே உண்டியல், எல்லாருக்கும் பங்கு. இரண்டு சப்ளையர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

அடுத்தது பட்டியல். எங்கள் மெனு அட்டையில் ஒரு காலத்தில் 84 பதார்த்தங்கள் இருந்தன. யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒன்று, பக்கத்துக் கடையில் ஓடுகிறது என்று ஒன்று, தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டது நன்றாக இருந்தது என்று ஒன்று. சேர்ப்பதற்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா, அந்த டப்பாவுக்கு ஒரு தேதி, அதை ஞாபகம் வைக்க ஒரு தலை. அந்தத் திங்கட்கிழமை கொட்டியதில் பாதி, வாரத்துக்கு இரண்டு பேர் கேட்கும் பதார்த்தங்களுக்காக வைத்திருந்த சரக்கு.

ஒரு மாத பில்லை எடுத்து வைத்து எண்ணினோம். வந்த ஆர்டரில் முக்கால் பங்கு 22 பதார்த்தங்களுக்குள் அடங்கிவிட்டது. மீதி 62, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. எண்ணிய பிறகு என்ன செய்வது என்பதற்கு ஒரு பழைய முறை உதவியது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸவானா, ஸ்மித் இருவரும் 1982இல் வகுத்தது. ஒரு தாளில் கூட்டல் குறி போட்டு நான்கு கட்டமாகப் பிரியுங்கள். நன்றாக விற்று நல்ல லாபமும் தருவது ஒரு கட்டம். அதைத் தொடவே கூடாது. விற்கும், லாபம் குறைவு என்றால் அளவையோ செய்முறையையோ பார்க்க வேண்டும். லாபம் உண்டு, விற்பதில்லை என்றால் பெயரையோ அட்டையில் இருக்கும் இடத்தையோ மாற்றிப் பார்க்கலாம், சப்ளையரை எடுத்துச் சொல்லவும் வைக்கலாம். இரண்டும் இல்லாததைத் தூக்க வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. பதார்த்தத்தின் சரக்குச் செலவைச் சரியாகப் போட்டிருந்தால் மட்டும். எங்களிடம் அது பாதிக்கு இல்லை, அதனால் மூன்று வாரம் இழுத்தது.

38க்குக் குறைத்தோம். என் பங்காளி முகம் கொடுத்துப் பேசவில்லை. "கேட்டு வர்றவரை இல்லேன்னு திருப்பி அனுப்புறதுக்கா கடை வச்சிருக்கோம்?" என்பது அவர் கேள்வி. அவருக்கு நான் சொன்ன கதை மெக்டொனால்ட் சகோதரர்களுடையது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் அவர்கள் கடை ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது. 1948இல் அதை மாதக்கணக்கில் மூடினார்கள். பில்களைப் பார்த்தபோது விற்பனையில் பெரும்பங்கு ஹாம்பர்கர்தான் என்று தெரிந்திருந்தது. பட்டியலை ஒன்பது வகையாகச் சுருக்கி, சமையலறையை அதற்கேற்ப மாற்றித் திறந்தார்கள். திறந்ததும் கூட்டம் குறைந்தது, பழைய வாடிக்கையாளர்கள் குறைபட்டார்கள். சில மாதம் பொறுத்த பிறகுதான் கூட்டம் திரும்பியது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அந்தச் சில மாதம்தான். வெற்றிக் கதை சொல்கிறவர்கள் அதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. மாதம் இருபது முப்பது மட்டுமே விற்ற ஒரு பதார்த்தத்தை எடுத்தோம். இரண்டே வாரத்தில் ஒரு சப்ளையர் வந்து, "அண்ணே, குடும்பமா வர்றவங்க குறைஞ்சிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க சாப்பிடுற மாதிரி காரமில்லாதது நம்மகிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு. அதற்குப் பின்னால் நான்கு பேர் சாப்பாடு. பில்லில் இது தெரியாது, மேசையருகே நிற்கிறவருக்குத் தெரியும். மறுநாளே திரும்பச் சேர்த்தோம், 39 ஆனது.

ஸ்டார்பக்ஸிலும் இப்படி ஒன்று நடந்தது. 2008 ஜனவரியில் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பிய ஹோவர்ட் ஷுல்ட்ஸுக்குக் கடைக்குள் காபி மணத்தை மீறி சாண்ட்விச்சின் சீஸ் கருகும் வாசனை வருவது பொறுக்கவில்லை. நன்றாக விற்றாலும் பரவாயில்லை, நிறுத்து என்றார். பிறகு வாசனை அடங்கும்படி செய்முறையை மாற்றிய பின்தான் அது நிலைத்தது. அதே வருடம் பிப்ரவரி 26ஆம் தேதி, அமெரிக்காவில் இருந்த 7,100 கடைகளை மாலையில் மூடி, எஸ்பிரஸ்ஸோ சரியாக இறக்குவது எப்படி என்று பணியாளர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். 7,100 கடையை மூடும் தைரியத்துக்கு நான் எங்கே போவது? மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை மூடுகிறேன். ஒரே ஒரு பதார்த்தம், எல்லாரும் செய்து, எல்லாரும் ருசி பார்க்க வேண்டும். கல்லாவில் இருப்பவரும் கரண்டி பிடிக்க வேண்டும்.

பட்டியலைச் சுருக்கிய பிறகு சுருக்க வேண்டிய இன்னொன்று மிஞ்சியது. நான்தான். நெரிசல் நேரத்தில் கல்லாவிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து வாசலுக்கு, நடுவில் போனில் சரக்குக்காரரிடம் சண்டை. எங்கே தீப்பிடித்தாலும் ஓடுகிறவன் என்று பெருமை வேறு. நான் ஓடின இடத்திலெல்லாம் அங்கே வேலை செய்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார் என்பதை யாரும் சொல்லவில்லை. இப்போது பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, அடுப்படியிலிருந்து தட்டு வெளியே வரும் ஜன்னலருகில் மட்டும் நிற்பேன். போன் கல்லாப்பெட்டிக்குள். அந்த இரண்டு மணி நேரம் புது உத்தரவு எதுவும் கிடையாது. தப்பு கண்ணில் பட்டால் நோட்டில் எழுதிக்கொள்வேன், மூன்று மணிக்குப் பேசுவேன். சாப்பாட்டுப் பாதுகாப்பு விஷயம் என்றால் மட்டும் அப்போதே. முதல் வாரம் நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

புதுமைக்கு வருகிறேன். ஒரு கண்காட்சியில் பார்த்து மயங்கி, மேசையிலேயே ஆர்டர் எடுக்கும் கருவிகளை வாங்கி வந்தேன். என் சப்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழக்கம்போலத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு ஓரமாக நின்று அதைப் பார்த்துக் கருவியில் தட்டினார்கள். ஒரு வேலை இரண்டு வேலையானது. வாங்குவதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது கேட்டேனா என்றால், இல்லை.

மெக்டொனால்ட்ஸின் பெயர்போன பதார்த்தங்களில் சில தலைமை அலுவலகத்தில் பிறந்தவை அல்ல. 1962இல் சின்சினாட்டியில் கிளை நடத்திய லூ க்ரோன், வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கர்கள் நிறைந்த தன் பகுதியில் அன்று மட்டும் கடை காற்று வாங்குவதைப் பார்த்து மீன் சாண்ட்விச் செய்தார். நிறுவனத்தை நடத்திய ரே கிராக் அதற்குப் போட்டியாக, இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு வைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள், மீன் ஜெயித்தது. பிக் மாக் என்ற பர்கரும் அப்படித்தான்: பென்சில்வேனியாவில் கிளை நடத்திய ஜிம் டெலிகாட்டி 1967இல் அறிமுகப்படுத்தியது. கிராக்கின் அன்னாசியைப் பற்றிப் படித்தபோது என் கருவிகள் ஞாபகம் வந்தன. ஆனால் அவர் தோல்வியை ஒத்துக்கொண்டு மீனை உள்ளே விட்டார். நான் அந்தக் கருவிகளை எட்டு மாதம் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகுதான் கழுவுமிடத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். ஒரு வாரம், தினம் ஒரு மணி நேரம். வாடிக்கையாளரைக் கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்வார், மரியாதை. எச்சில் தட்டுக்கு அந்த மரியாதை தெரியாது. எது காலியாக வருகிறது, எது பாதியாக வருகிறது, எதை ஓரமாக ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுதினேன். அக்கா சிரித்தார். "இதை எழுதணுமா தம்பி? என்னைக் கேட்டா நானே சொல்லுவேனே. அந்தக் கூட்டு பாதிக்கு மேல குப்பைக்குத்தான் போகுது. ரெண்டு வருஷமா." அளவைப் பாதியாகக் குறைத்து, கேட்டால் இன்னொரு தடவை இலவசம் என்றோம். பத்து பேரில் இரண்டு பேர்தான் கேட்கிறார்கள்.

அதிலிருந்து ஒரு நோட்டு உண்டு. யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம், எழுதத் தெரியாதவர் சொன்னால் கல்லாவில் இருப்பவர் எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றுதான். ஒரு ஷிஃப்டில், நான்கைந்து மேசைக்கு மட்டும், இரண்டு வாரம். எதை வைத்து ஜெயித்தது என்று சொல்வோம் என்பதை முன்னாலேயே எழுதிவிட வேண்டும்: திரும்பி வரும் தட்டின் எண்ணிக்கையா, காத்திருக்கும் நிமிடமா, மிஞ்சும் சரக்கா. இரண்டு வாரத்தில் அது நகரவில்லை என்றால் நிறுத்திவிடுவோம். யோசனை சொன்னவரே முடிவையும் மற்றவர்களுக்குச் சொல்வார். அதில்தான் வெட்கம் போகிறது. இதுவரை எழுதியதில் பாதிக்கு மேல் தோல்விதான். ஆர்டர் தயாரானதும் மணியடிக்கலாம் என்று ஒரு பையன் சொன்னதை மூன்றே நாளில் நிறுத்தினோம், மணி கேட்டால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வாமை இருப்பவரின் ஆர்டர் சீட்டில் சிவப்பு கிளிப் மாட்டலாம் என்றது அதே பையன்தான். அது நிலைத்துவிட்டது. ஃப்ரிட்ஜ் சத்தத்தைச் சொல்லாமல் விட்டவன் அவன்.

போன மாதம் நானும் நோட்டில் ஒன்று எழுதினேன். நானே யோசித்து, நானே மூன்று இரவு உட்கார்ந்து செய்து பார்த்த ஒரு புதுப் பதார்த்தம். பாஸாக வேண்டுமென்றால் பத்துத் தட்டில் குறைந்தது எட்டு காலியாகத் திரும்ப வேண்டும் என்று என் கையாலேயே எழுதினேன். இரண்டு வாரம் முடிந்த அன்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க சரக்குதான் தம்பி பாதி பாதியா வருது."

உப்பைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். இப்போது ஐந்தாவது வாரம் ஓடுகிறது. நேற்று முக்காலியில் உட்காரப் போனால், அதன் மேல் அந்த நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது.